ஐந்து ஊர்க் கணினிகள் பேசிக்கொண்ட கதை

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நம் விடுதியில் ஒரு சடங்கு ஆரம்பமாகிவிடும். பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். ஒருவன் கையில் நோட்டுப் புத்தகத்தோடு அறை அறையாகப் போவான். பெயர், வயது, எந்த ஊர், எந்த வண்டி, எந்தத் தேதி எல்லாம் எழுதிக்கொண்டு காசையும் வசூலிப்பான். "டேய், நாளைக்கு விடியக்காலை வண்டியைப் புடிச்சாத்தான் க்யூவுல முன்னால நிக்க முடியும், சில்லறையா குடுங்கடா" என்று அவன் போடும் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது. எண்பதுகளின் தொடக்கம் அது.

கூடுவாஞ்சேரியில் மீட்டர் கேஜ் வண்டி ஏறி எழும்பூரில் இறங்கினால் திருச்சி, மதுரை, திருநெல்வேலிக்காரர்களின் வேலை முடியும். கோயம்புத்தூர், பெங்களூர், ஆந்திரா, டில்லி என்று எழுதிக் கொடுத்தவர்களுக்காக அடுத்த ஸ்டேஷனான பார்க்கில் இறங்கி, சாலையைக் கடந்து, சென்ட்ரலில் இன்னொரு க்யூவில் நிற்க வேண்டும். ஒரே ரயில்வே, ஒரே ஊர், ஒரே நாள். ஆனாலும் இரண்டு க்யூ! "ஏன் சார், அந்த வண்டிக்கும் இங்கேயே குடுக்கக் கூடாதா?" என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவர் பாவமாகப் பார்ப்பார். அந்த வண்டியின் லெட்ஜர் அவரிடம் இல்லை. அவர் என்ன செய்வார்?

இன்றைக்கு விடுதி அறைக் கட்டிலில் படுத்துக்கொண்டே எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கும் டிக்கெட் எடுக்கிற தம்பி தங்கைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். நடுவில் என்ன நடந்தது? தனித்தனியாக இருந்த கணினிகளை, மனிதர் குறுக்கே நிற்காமல் தாமாகவே ஒன்றோடொன்று பேசி வேலையை முடிக்கும்படி செய்தது எப்படி? அந்தக் கதையை இந்த மலரில் பதிவு செய்து வைக்கலாம் என்று தோன்றியது.

சாலையைக் கடந்த மூட்டைகள்

கணினிக்குப் போவதற்கு முன் தண்டவாளத்தைப் பார்த்துவிடுவோம். நம் ஸ்டேஷன் வழியாக ஓடியது மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1000 மில்லிமீட்டர். சென்ட்ரலிலிருந்து கிளம்பியது பிராட் கேஜ். அதன் அகலம் 1676 மில்லிமீட்டர். எழும்பூர் வண்டி சென்ட்ரல் தண்டவாளத்தில் ஏறாது. சென்ட்ரல் வண்டி இங்கே வராது. பார்க் ஸ்டேஷனுக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே இருப்பது ஒரு சாலைதான். ஆனால் அந்தச் சாலையில் எத்தனை டிரங்குப் பெட்டிகள், எத்தனை படுக்கைச் சுருட்டுகள் தலையிலும் தோளிலும் போயிருக்கும்!

கேஜ் மாறும் ஜங்ஷன்களில் சரக்குக்கும் அதே கதி. ஒரு வேகனிலிருந்து மூட்டைகளை இறக்கி, எதிரே நிற்கும் இன்னொரு வேகனில் ஏற்ற வேண்டும். நேரமும் கூலியும் சேதாரமும் தனி. இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் 1992-ல் எல்லாப் பாதைகளையும் படிப்படியாக ஒரே அகலத்துக்கு மாற்றும் யூனிகேஜ் திட்டம் தொடங்கியது. நம் புறநகர்ப் பாதையில் மீட்டர் கேஜ் வண்டிகளின் ஓட்டம் 2004-ல் நின்றது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலாக அறிமுகமாகி எழுபது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி அது. கடைசி நாட்களில் அதைப் பார்க்கப் போய் நின்றவர்கள் நம்மிலும் உண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டு அமைப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகாதபோது நடுவில் இருக்கிற மனிதன்தான் மூட்டையைச் சுமக்கிறான். தண்டவாளத்துக்கும் இது பொருந்தும், கணினிக்கும் பொருந்தும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

லெட்ஜரும் தந்தியும்

கணினி வருவதற்கு முன் முன்பதிவு என்பது பெரிய பெரிய லெட்ஜர்களின் ராஜ்யம். வண்டிக்கு ஒன்று, தேதிக்கு ஒரு பக்கம், வகுப்புக்கு ஒரு பகுதி. உங்கள் பெயரைப் பேனாவால் எழுதினால் பெர்த் உங்களுடையது. டிக்கெட் தனி, அது தடித்த சிறு அட்டை. இந்த வண்டிக்கு இந்தக் கவுண்டர் என்று பிரித்திருப்பார்கள். தப்பான க்யூவில் ஒரு மணி நேரம் நின்றவன் மறுபடி கடைசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

போவதற்காவது வழி இருந்தது. திரும்பி வருவதுதான் பெரும்பாடு. டில்லியில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போகிற பையன், அங்கிருந்து திரும்பும் வண்டியில் இடம் வேண்டுமென்றால் சென்னையில் விண்ணப்பம் கொடுப்பான். இங்கிருந்து டில்லிக்குத் தந்தி போகும். அங்கே உள்ள லெட்ஜரில் பெயர் ஏறினால் பதில் தந்தி வரும். வராமலும் போகலாம். பெட்டியோடு கிளம்பியவனுக்குத் திரும்பும் இடம் கிடைத்ததா இல்லையா என்று தெரியாமலே கிளம்புவது சகஜம். வழியில் உள்ள ஊர்களுக்கு 'கோட்டா' என்று நாலு பெர்த், ஆறு பெர்த் ஒதுக்கி வைத்ததும் இதனால்தான். ஒரு ஊர் லெட்ஜருக்கு இன்னொரு ஊர் லெட்ஜரில் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆகவே ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஓர் ஊரில் கோட்டா காலியாகக் கிடக்கும். இன்னோர் ஊரில் ஆட்கள் தவிப்பார்கள்.

கணினி வந்தது

ரயில்வேக்குக் கணினி புதிதல்ல. சம்பளப் பட்டியலுக்கும் புள்ளிவிவரத்துக்கும் 1960களிலேயே ஐ.பி.எம். இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் அவை உள் அலுவலகத்தோடு நின்றன. பொதுமக்கள் கண் முன்னால் வந்தது டில்லியில்தான். 1985 கடைசியில் சோதனை ஓட்டமாக ஆரம்பித்து, 1986 பிப்ரவரியில் புது டில்லியில் கணினி முன்பதிவு முறைப்படி தொடங்கியது. 'இம்ப்ரெஸ்' என்று பெயர். இதை ரயில்வேக்காக உருவாக்கியது சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம். ஐ.பி.எம். 1978-ல் இந்தியாவை விட்டுப் போனபோது அது விட்டுச் சென்ற கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றதும் இதே சி.எம்.சி.தான். டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் கணினி, ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய நிரல். நம்மில் பலர் முதல் வருஷத்தில் படித்து மறந்த அதே ஃபோர்ட்ரான்!

அதே 1986-ல் ரயில்வே தனக்கென்று 'கிரிஸ்' என்ற தகவல் அமைப்பு மையத்தையும் ஏற்படுத்தியது. எண்பதுகளின் பிற்பகுதிக்குள் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களிலும் கணினி மையங்கள் வந்தன. சென்னையில் அது அமைந்த இடம் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகம். பழைய புத்தகம் வாங்க நாம் அலைந்த மூர் மார்க்கெட் 1985 மே 30-ந் தேதி எரிந்துபோனது. அந்த இடத்தில் எழுந்த கட்டடத்தில்தான் பிற்பாடு முன்பதிவு வரிசைகள் நின்றன. பழைய புத்தகக் கடை இருந்த மண்ணில் லெட்ஜருக்கும் முடிவு கட்டினார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கணினி வந்ததும் முதல் லாபம் கண்ணுக்கே தெரிந்தது. எந்தக் கவுண்டரிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட்! வண்டிக்கு ஒரு க்யூ என்பது போய்விட்டது. தாம்பரம் போன்ற இடங்களில் வைத்த திரைகளும் தொலைபேசி இணைப்பு வழியாகச் சென்னைக் கணினியோடு பேசின. வேலை போய்விடுமோ என்று முதலில் பயந்த ஊழியர்கள்கூட, கனத்த லெட்ஜரைப் புரட்டும் முதுகுவலி போனதில் சந்தோஷப்பட்டார்கள்.

ஐந்து தீவுகள்

ஆனால் பாருங்கள், பழைய நோய் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. சென்னைக் கணினிக்குத் தன் வண்டிகள் மட்டும் தெரியும். டில்லிக் கணினிக்கு டில்லி வண்டிகள். ஐந்து மையங்கள், ஐந்து தீவுகள். மூர் மார்க்கெட் வளாகத்தில் குளுகுளு அறையில் நிற்கிற இயந்திரத்திடம் "டில்லியிலிருந்து திரும்பி வர ஒரு பெர்த் இருக்கா?" என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. ஒவ்வொரு தீவுக்குள்ளும் மின்னல் வேகம். தீவுக்கும் தீவுக்கும் நடுவே பழையபடி மனிதனும் தந்தியும் கோட்டாவும். லெட்ஜர் இருந்த இடத்தில் கணினி வந்திருந்தது. சாலையைக் கடக்கிற வேலை மட்டும் அப்படியே இருந்தது.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஐந்தையும் மூடிவிட்டு நாட்டுக்கே ஒரு பெரிய கணினி வைப்பது. கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாளில் நம் தொலைபேசி இணைப்புகள் எப்படி இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். மழை பெய்தால் அடுத்த தெருவுக்கே பேச முடியாது! டில்லி இணைப்பு அறுந்தால் தாம்பரத்தில் திருச்சிக்குக்கூட டிக்கெட் கொடுக்க முடியாமல் போகும். இரண்டாவது வழி, ஐந்தும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஆனால் ஒன்றோடொன்று பேசக் கற்றுக்கொள்ளட்டும் என்பது. இணைப்பு அறுந்தாலும் அவரவர் வண்டிக்கு அவரவர் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கலாம். கிரிஸ் இந்த இரண்டாவது வழியில்தான் போனது.

பேச வைத்தது எப்படி?

இம்ப்ரெஸ் ஒரு மையத்துக்குள் வேலை செய்ய எழுதப்பட்டது. ஆகவே கிரிஸ் பொறியாளர்கள் சி மொழியில் புதிதாக ஒன்றை எழுதினார்கள். 'கான்செர்ட்' என்று பெயர். தொண்ணூறுகளின் நடுவில் செகந்திராபாத்தில் முதலில் ஓட்டிப் பார்த்து, பிறகு ஒவ்வொரு மையமாக மாற்றி, 1999-ல் ஐந்து மையங்களையும் ஒரே வலையில் இணைத்து முடித்தார்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே, தினமும் லட்சக்கணக்கானவர்கள் டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கும்போதே செய்த மாற்றம் இது. ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாற்றுவது போலத்தான்.

இரண்டு கணினிகள் தாமாகப் பேசிக்கொள்ள மூன்று விஷயம் வேண்டும். இன்றைய மாணவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, பொதுவான பெயர்கள். நீங்கள் 'நெல்லை வண்டி' என்பீர்கள். இன்னொருவர் வேறு பேர் சொல்வார். கணினிக்கு அது ஆகாது. நாடு முழுக்க ஒரு வண்டிக்கு ஓர் எண், ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு குறியீடு. கூடுவாஞ்சேரிக்கு 'ஜி.ஐ.', தாம்பரத்துக்கு 'டி.பி.எம்.', சென்ட்ரலுக்கு 'எம்.ஏ.எஸ்.'. 1996-ல் மெட்ராஸ் சென்னை ஆனது. 2019-ல் சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள். ஆனால் 'எம்.ஏ.எஸ்.' மட்டும் மாறவே இல்லை. மெட்ராஸ் என்ற பெயர் இன்றும் உயிரோடு இருக்கிற இடங்களில் ரயில்வே கணினியும் ஒன்று! வண்டிகள் பெருகியதால் 2010 டிசம்பரில் நான்கு இலக்க எண்களை ஐந்து இலக்கமாக்கினார்கள். அதையும் நாடு முழுக்க ஒரே நாளில் செய்தார்கள். ஓர் ஊர் மாறி, இன்னோர் ஊர் மாறாமல் இருந்தால் பேச்சே நின்றுபோகுமே.

இரண்டாவது, வழி தெரிந்த தபால்காரன். தாம்பரம் கவுண்டரில் டில்லியிலிருந்து கிளம்பும் வண்டியின் எண்ணைத் தட்டினால், அந்த வண்டியின் கணக்கு எந்த மையத்தில் இருக்கிறது என்று யாராவது கண்டுபிடித்து, கேள்வியை அங்கே அனுப்பி, பதிலை வாங்கித் தர வேண்டும். பழைய நாளில் இதைத் தந்தி எழுதும் குமாஸ்தா செய்தார். இப்போது அதைச் செய்வது நடுவில் ஓடுகிற ஒரு மென்பொருள். டிஜிட்டல் நிறுவனத்தின் 'ரிலையபிள் டிரான்சாக்ஷன் ரௌட்டர்' என்ற நடுவாள் மென்பொருளை கான்செர்ட் இதற்குப் பயன்படுத்தியது. டிக்கெட் கொடுக்கிறவருக்குத் தன் கேள்வி எந்த ஊருக்குப் போய் வந்தது என்பதே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

மூன்றாவதுதான் கஷ்டமானது; நாணயம். சென்னையில் ஒருவர், கல்கத்தாவில் ஒருவர், ஒரே விநாடியில் அதே கடைசி பெர்த்தைக் கேட்கிறார்கள். ஒருவருக்குத்தான் கிடைக்க வேண்டும். அதைவிடச் சிக்கல், டில்லிக் கணினி பெர்த்தை ஒதுக்கிவிட்டது, பதில் வருகிற வழியில் இணைப்பு அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெர்த் போய்விட்டது. இங்கே டிக்கெட் அச்சாகவில்லை. அந்த பெர்த் யாருக்கும் இல்லாமல் காலியாக ஓடும். இது கூடாது. 'முடிந்தால் முழுசாக முடியட்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கட்டும்' என்பது இங்கே சட்டம். இரு பக்கமும் "தயாரா?" "தயார்" என்று சொன்ன பிறகுதான் கணக்கில் ஏறும். கல்யாண வீட்டில் இரு பக்கத்துப் பெரியவர்களும் தட்டு மாற்றிய பிறகுதான் நிச்சயம் என்பது போல!

டிக்கெட்டில் ஒளிந்திருக்கும் எண்

இந்தச் சரித்திரத்தின் தடயம் இன்றும் உங்கள் டிக்கெட்டில் இருக்கிறது. பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். சென்னை மையத்தின் கணக்கில் உள்ள வண்டி என்றால் அது 4 அல்லது 5. டில்லி என்றால் 2 அல்லது 3. கல்கத்தாவுக்கு 6, 7, பம்பாய்க்கு 8, 9, செகந்திராபாத்துக்கு 1. நீங்கள் கூடுவாஞ்சேரியில் உட்கார்ந்து எடுத்தாலும், கோலாலம்பூரில் உட்கார்ந்து எடுத்தாலும், டில்லியில் கிளம்பும் வண்டிக்கு டில்லியின் எண்தான் வரும். அந்த முதல் இலக்கம் உங்கள் கேள்வி எந்த ஊர் இயந்திரத்தின் கதவைத் தட்டிவிட்டு வந்தது என்று சொல்கிறது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

உலகத்திலும் இதே கதை

நம் ஊர்க் கதை மட்டுமல்ல இது. விமானக் கம்பெனிகளுக்கு இந்தத் தலைவலி முன்னாலேயே வந்துவிட்டது. ஒரு பயணி இரண்டு கம்பெனி விமானம் மாறிப் போக வேண்டுமென்றால் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்ப வேண்டுமே. 1949-ல் 11 விமானக் கம்பெனிகள் சேர்ந்து 'சிட்டா' என்ற கூட்டுச் செய்தி அமைப்பை ஏற்படுத்தின. வியாபாரத்தில் போட்டியாளர்கள்தான். ஆனால் செய்தி எழுதும் முறையில் மட்டும் ஒற்றுமை.

இன்டர்நெட்டும் அப்படியே. 1970களில் அமெரிக்காவில் பல வலைகள் இருந்தன. தொலைபேசிக் கம்பியில் ஒன்று, ரேடியோவில் ஒன்று, செயற்கைக்கோளில் ஒன்று. வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974-ல் சொன்ன யோசனையின் சாரம் ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு வலையும் உள்ளே எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். வாசலில் பேசும் மொழி மட்டும் ஒன்றாக இருக்கட்டும். 1983 ஜனவரி 1-ந் தேதி ஆர்பாநெட் முழுவதும் அந்த மொழிக்கு மாறியது. நம் நாட்டில் 1986-ல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் கிண்டி ஐ.ஐ.டி.யும் பங்காளி. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். வழியாக இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல்.

தமிழுக்கும் இந்தச் சோதனை வந்தது. தொண்ணூறுகளில் ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தோம். ஒருவர் அடித்து அனுப்பினால் இன்னொருவர் கணினியில் புரியாத கிறுக்கலாக விழும். "என்னய்யா அனுப்பியிருக்க, ஒரே கொக்கி கொக்கியா இருக்கு!" என்று போன் போட்டுத் திட்டாதவர் யார்? ரயில் கணினிகள் இணைந்த அதே 1999-ல், பிப்ரவரியில், சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீட்டுக்கும் பொதுத் தரம் வகுத்தார்கள். பிறகு யூனிகோடு பரவி, 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்ற பிறகுதான் இந்தக் கொக்கித் தொல்லை விட்டது. வெளிநாட்டில் இருக்கும் நம் நண்பர்கள் இந்த மலருக்குத் தமிழிலேயே கட்டுரை அனுப்பி, அது இங்கே அப்படியே தமிழாகத் திறக்கிறது என்றால் அதற்குப் பின்னால் இத்தனை பேச்சுவார்த்தை இருக்கிறது.

வேறு வேறு வீட்டுக் கணினிகள்

ஐந்து மையங்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒரே மென்பொருள், ஒரே முதலாளி. அடுத்த கட்டம் அதைவிடக் கடினம். 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இன்டர்நெட்டில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது. இப்போது மூன்று வீடு சேர வேண்டும். ஐ.ஆர்.சி.டி.சி.யின் கணினி, ரயில்வே முன்பதிவுக் கணினி, உங்கள் வங்கியின் கணினி. மூன்றும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு காலத்தில் எழுதியவை.

ஆரம்பத்தில் ஒரு தமாஷ். கணினிகள் மூன்றும் ஒரு நொடியில் பேசி முடித்துவிடும். ஆனால் அச்சடித்த டிக்கெட் கூரியர்காரர் கையில் ரெண்டு நாள் கழித்து வீட்டுக்கு வரும்! 2005-ல் இ-டிக்கெட் வந்த பிறகுதான் கூரியர்காரர் விடைபெற்றார். இன்று முன்பதிவு டிக்கெட்டுகளில் எண்பது சதவீதத்துக்கும் மேல் இன்டர்நெட் வழியாகத்தான் போகிறது.

இந்த மூன்று வீட்டுக் கூட்டில்தான் எல்லாரும் அனுபவித்த அந்தச் சங்கடமும் வருகிறது. 'பணம் போயிடுச்சு, டிக்கெட் வரல!' வங்கி தன் பக்கம் முடித்துவிட்டது, நடுவில் கோளாறு, பெர்த் பதிவாகவில்லை. ஒரே வீட்டுக்குள் 'முழுசாக முடி, இல்லாவிட்டால் விடு' என்று கட்டாயப்படுத்த முடிந்தது. அடுத்த வீட்டுக்காரனைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே இங்கே வேறு சட்டம். பிற்பாடு கணக்கைச் சரிபார்த்து, டிக்கெட் கொடுக்காத பணத்தை அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புவது. தப்பு நடக்காமல் தடுக்க முடியாத இடத்தில், நடந்த தப்பைத் தானாகவே சரி செய்ய ஏற்பாடு. இந்த வித்தியாசம் புத்தகத்தில் ஒரு வரியில் இருக்கும். பணம் போய் டிக்கெட் வராமல் ராத்திரி முழுக்க முழித்துக் கிடந்தவனுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும்.

வங்கிகளும் தமக்குள் இதே பாதையில் வந்தன. முதலில் எந்த வங்கி அட்டையோ அந்த வங்கி ஏ.டி.எம். மட்டும். 2004-ல் ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. என்ற நிறுவனம் தேசிய நிதி ஸ்விட்சை ஏற்படுத்திய பிறகு எந்த அட்டையும் எந்த இயந்திரத்திலும் என்ற நிலை மெல்ல வந்தது. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமானது. டீக்கடையில் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைக் காட்டினால் போதும். டீக்கடைக்காரர் வங்கி வேறு, உங்கள் வங்கி வேறு, போனில் உள்ள செயலி மூன்றாவது கம்பெனியுடையது. டீ ஆறுவதற்குள் எல்லாம் பேசி முடித்துவிடுகின்றன.

நம் பக்கத்து ரயிலிலும் இது வந்தது. புறநகர் ரயிலுக்கு மொபைலிலேயே காகிதமில்லாத டிக்கெட் எடுக்கும் வசதி 2015 ஏப்ரலில் எழும்பூர் - தாம்பரம் இடையேதான் ஆரம்பித்தது. வழக்கம்போலத் தாம்பரத்தோடு நின்றது. அப்புறம்தான் நம் பக்கம் நீண்டது. 1931-ல் மின்சார ரயில் வந்தபோதும் தாம்பரத்தோடுதான் நின்றது என்பதைக் கூடுவாஞ்சேரிக்காரர்கள் மறக்க மாட்டார்கள்! 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' என்ற செயலி வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட். மாநகரப் பேருந்து ஒரு நிர்வாகம், மெட்ரோ இன்னொன்று, ரயில் மத்திய அரசு. பார்க் ஸ்டேஷன் சாலையைக் கடந்த நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவும் வேண்டுமோ!

இப்போது மூட்டை யார் தலையில்?

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கணினிகள் பேசிக்கொள்ள ஆரம்பித்ததும் சுமை மறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். பாதி உண்மை. சில சமயம் சுமை இடம் மாறியிருக்கிறது.

போன் இல்லாத, அல்லது போன் இருந்தும் அதைக் கையாளத் தெரியாத ஒரு பெரியவர் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்கு வருகிறார். மகனுக்குத்தான் எல்லாம் தெரியும், அவனோ வெளியூரில். "தம்பி, இதக் கொஞ்சம் பாத்து சொல்லேன்" என்று பக்கத்தில் நிற்கிற மாணவனிடம் போனை நீட்டுகிறார். முன்பு இரண்டு ரயில்களுக்கு நடுவே பெட்டியைச் சுமந்தோம். இப்போது அவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே அந்த மாணவன் நிற்கிறான். அவனுக்குப் பொறுமை இருந்தால் பெரியவர் ஊர் போய்ச் சேருவார்.

இன்னொன்று, எல்லாம் இணைந்துவிட்டால் கோளாறும் இணைந்துவிடும். தீவுகளாக இருந்தபோது ஒரு தீவு மூழ்கினால் மற்ற நாலும் மிதக்கும். கிரிஸ் ஐந்து மையங்களையும் கலைக்காமல் பேச மட்டும் வைத்ததில் இருந்த முன்யோசனை இதுதான். 'சேர்ந்து வேலை செய்' என்பதும் 'ஒருவனையே நம்பிக் கிட' என்பதும் ஒன்றல்ல. புதிதாக எதையாவது கட்டுகிற நம் மாணவர்கள் இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

நம் கல்லூரியில் இன்று கணினி படிப்பவர்களில் பலர் நாளைக்கு இப்படிப்பட்ட நடுவாள் மென்பொருள்களைத்தான் எழுதப் போகிறார்கள். வெளியில் தெரியாத வேலை அது. சரியாக நடந்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள்; தாம்பரம் கவுண்டரில் டிக்கெட் வாங்கியவர் கேள்வி டில்லி போய் வந்ததை நினைத்துப் பார்த்தாரா என்ன? கான்செர்ட் எழுதியவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் 1999-க்குப் பிறகு டில்லிக்கு வேலை தேடிப் போன எந்தப் பையனும் திரும்பி வர இடம் உண்டா இல்லையா என்று தெரியாமல் கிளம்ப வேண்டிய நிலை போய்விட்டது. காத்திருப்போர் பட்டியலில் இருந்தாலும் எத்தனாவது என்றாவது கையிலிருக்கும் சீட்டில் எழுதியிருந்தது. அந்த வேலைக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் என்ன வேண்டும்?

இந்தச் சந்திப்புக்கு டில்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் ரயிலில் வரும் நண்பர்களே, வரும்போது உங்கள் பி.என்.ஆர். எண்ணின் முதல் இலக்கத்தைக் கொஞ்சம் பார்த்து வையுங்கள். நோட்டும் சில்லறையுமாக அறை அறையாக அலைந்து நமக்கெல்லாம் டிக்கெட் எடுத்துக் கொடுத்த அந்த நண்பனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். எத்தனை தடவை அவன் பார்க் ஸ்டேஷன் சாலையை நமக்காகக் கடந்திருப்பான்! அவனுக்கு இந்தத் தடவை நாம் ஒரு டீயாவது வாங்கிக் கொடுக்க வேண்டும்.